வண்டி ஏன் நிற்கவில்லை?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்கள் பதினான்கு பேரை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இயற்பியல் மாணவர்களுக்குப் பறவைகள் எதற்கு என்று கேட்காதீர்கள். தொலைநோக்கியைப் பயன்படுத்த ஒரு நல்ல காரணம் வேண்டியிருந்தது. பறவைகள் கூடு திரும்பும் காட்சியைப் பார்த்துவிட்டு, படாளம் கூட்டு ரோடு வழியாக ஜி.எஸ்.டி. சாலையை அடைந்தபோது மணி ஏழு. நன்றாக இருட்டிவிட்டது. செங்கற்பட்டை நோக்கி வேன் சென்றுகொண்டிருந்தது. திடீரென்று விளக்கொளியில் இரண்டு பச்சைப் புள்ளிகள் மின்னின. ஓட்டுநர் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தார். டயர்கள் கிறீச்சிட்டன. பிறகு, மெல்லிய ஒரு தட்டல்.

இறங்கிப் பார்த்தோம். ஒரு நரி. பெண் நரி. உயிர் இல்லை.

"சார், நான் எண்பதுக்கு மேல போகவே இல்ல. பார்த்தவுடனே பிரேக் பிடிச்சேன். நீங்களும் பார்த்தீங்கதானே?" என்றார் ஓட்டுநர். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது முற்றிலும் உண்மை. முன் இருக்கையில் நான் அமர்ந்திருந்தேன். வேகமுள்ளைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். நரியைச் சாலையோரம் கிடத்திவிட்டு வண்டி கிளம்பியதும் ஒரு மாணவி கேட்டாள்: "சார், அவர் மீது தவறு இல்லை என்றால் வண்டி ஏன் நிற்கவில்லை?"

திங்கட்கிழமை வகுப்பில் அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். உங்களுக்கும் அதைப் போட்டுக் காட்டுகிறேன். பத்தாம் வகுப்புக் கணிதம் போதும்.

கரும்பலகைக் கணக்கு

மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர். ஓட்டுநர் கண்ணில் ஒரு பொருள் பட்டு, 'இது விலங்கு' என்று மூளை உணர்ந்து, கால் ஒரு மிதியிலிருந்து இன்னொரு மிதிக்கு மாறி அழுத்துவதற்கு ஒன்றரை வினாடி ஆகும் என்று கொள்வது வழக்கம். "அவ்வளவு நேரமா?" என்று வியக்காதீர்கள். உங்கள் நண்பரை ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்திருந்து திடீரென விடச் சொல்லுங்கள். நீங்கள் விரல்களால் பிடியுங்கள். 20 சென்டிமீட்டர் விழுந்தபின் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் 0.2 வினாடி. ஆனால் அங்கே அளவுகோல் விழப்போகிறது என்பது உங்களுக்கு முன்பே தெரியும். காலை எங்கும் நகர்த்த வேண்டியதும் இல்லை. எதிர்பாராத ஒன்றைச் சாலையில் கண்டு உணர்வது வேறு. ஆக, அந்த ஒன்றரை வினாடியில் வண்டி சற்றும் வேகம் குறையாமல் 33 மீட்டர் ஓடிவிடுகிறது.

அதன் பின்புதான் பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது. வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதையும் டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வு தின்று தீர்க்க வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் 0.7 என்று கொள்வோம். வேகத்தின் இருமடியை, உராய்வுக் குணகத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வரும் எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் நிற்கும் தொலைவு கிடைக்கும். விடை 36 மீட்டர். வண்டியின் எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இரு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது.

ஆக மொத்தம் 69 மீட்டர்.

இனி விளக்கைப் பார்ப்போம். எதிரே வண்டிகள் வரும் சாலையில் விளக்கைத் தாழ்த்தித்தான் ஓட்ட வேண்டும். தாழ்த்திய விளக்கில், மங்கிய நிறமுள்ள ஒரு பொருள் கண்ணுக்குப் புலப்படுவது ஏறத்தாழ 40 அல்லது 50 மீட்டர் தொலைவில்தான். நரியின் மேனி காய்ந்த புல்லின் நிறம். 50 மீட்டருக்குள் தெரிகின்ற ஒன்றுக்காக 69 மீட்டரில் நிற்கக்கூடிய வண்டியை ஓட்டுநர் எப்படி நிறுத்துவார்? அவர் பிரேக்கை மிதிக்கத் தொடங்கும் முன்பே விதி முடிந்துவிட்டது. இங்கே விதி என்று நான் சொல்வது நியூட்டனின் விதியை.

அதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் மொத்தம் 45 மீட்டரில் நின்றிருக்கும், மயிரிழையில் தப்பலாம். 40 கிலோமீட்டரில் 26 மீட்டர் போதும். 100 கிலோமீட்டரில் 98 மீட்டர். வேகம் இரு மடங்கானால் பிரேக் தொலைவு நான்கு மடங்காவது உங்களுக்குத் தெரிந்ததே.

நரி ஏன் ஓடவில்லை? இரவில் திரியும் விலங்குகள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு உண்டு. விழித்திரையில் பிடிபடாமல் கடந்து சென்ற ஒளியை அது திருப்பி அனுப்புகிறது. விழித்திரைக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைக்கிறது. நாங்கள் கண்ட பச்சைப் புள்ளிகள் அந்த அடுக்கிலிருந்து திரும்பிய எங்கள் விளக்கொளிதான். மங்கிய நிலவொளிக்கென்று அமைந்த கண்ணில் மோட்டார் விளக்கு பாய்ந்தால் என்ன தெரியும்? வெள்ளை வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. எதிரி வரும்போது அசையாமல் நிற்பது பல விலங்குகளுக்குத் தொன்றுதொட்டு வந்த தற்காப்பு. புலிக்கும் சிறுத்தைக்கும் எதிரே பலன் தந்த அந்தப் பழக்கம் லாரிக்கு எதிரே பலன் தருவதில்லை.

மூடுவதா, பிரிப்பதா?

எனவே 'விலங்குகள் கடக்கும் பகுதி, கவனமாகச் செல்க' என்ற பலகையால் மட்டும் பயன் குறைவு. வேகம் உண்மையாகவே குறைய வேண்டும்; அல்லது விலங்குகள் நடமாடும் நேரத்தில் வண்டிகள் இருக்கக் கூடாது. இரண்டாவது வழியை நம் பக்கத்திலேயே கடைப்பிடிக்கிறார்கள். கர்நாடகத்தின் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தினூடே உதகைக்கும் கோழிக்கோட்டுக்கும் செல்லும் சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. சில பேருந்துகளுக்கும் ஆம்புலன்சுகளுக்கும் மட்டும் விலக்கு. நம் சத்தியமங்கலம் காப்பகத்தில், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைச்சாலையில் இரவுத் தடையைச் செயல்படுத்துமாறு 2022 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் அங்கு வாழ்வோருக்காகச் சில தளர்வுகளும் செய்யப்பட்டன. காய்கறி ஏற்றிச் செல்லும் விவசாயிக்கும், இரவில் மருத்துவமனை செல்ல வேண்டியவருக்கும் இத்தகைய தடை எளிதானதல்ல. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நாட்டின் பெருஞ்சாலைகள் எல்லாவற்றையும் இரவில் மூட இயலாது. அப்படியானால்?

நான் குடியிருப்பது கோடம்பாக்கத்தில். மின்சார ரயில் பாதையும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிய இடத்தில் முன்பு ஒரு கேட் இருந்தது. ரயில் வரும்போதெல்லாம் கேட் மூடும். இருபுறமும் வண்டிகள் தேங்கி நிற்கும். 1965இல் அங்கே மேம்பாலம் வந்தது. சாலை மேலே ஏறிக்கொண்டது, ரயில் கீழே ஓடியது. இரண்டும் இன்றும் அதே இடத்தில்தான் வெட்டிக்கொள்கின்றன. ஆனால் ஒரே தளத்தில் அல்ல. காட்டிலும் இதையே செய்யலாம் அல்லவா? ஆனால் ஒரு சிக்கல். கோடம்பாக்கத்து மக்களிடம் 'பாலத்தில் ஏறுங்கள்' என்று சொல்லலாம். புலியிடம் சொல்ல முடியுமா? கட்டிக் கொடுத்தால் அது வருமா? எந்த அளவில் கட்டினால் வரும்? இவற்றுக்கு ஊகத்தால் விடை காண முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

பெஞ்ச் காட்டுச் சோதனை

ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரியில் முடிகிறது. முன்பு இதன் தென்பகுதி 7ஆம் எண் சாலை எனப்பட்டது. இதே சாலை நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் காடுகளையும் ஊடறுத்துச் செல்கிறது. அதை நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்த முனைந்தபோது பெரிய வழக்கு எழுந்தது. அக்காடு ஒரு தனித் தீவு அன்று. ஒரு காட்டில் பிறந்த இளம்புலி வளர்ந்ததும் தனக்கென ஓர் இடம் தேடி அடுத்த காட்டுக்குச் செல்லும் வழி அது. அந்த வழி அடைபட்டால் ஒவ்வொரு காட்டிலும் உள்ள புலிகள் தமக்குள்ளேயே இனம் பெருக்க நேரிடும். பல ஆண்டு வாதங்களுக்குப் பின், மகாராஷ்டிரப் பகுதியில் 16 கிலோமீட்டர்க் காட்டுச் சாலையில் ஒன்பது இடங்களில் சாலையைத் தூண்கள் மேல் உயர்த்தி, கீழே விலங்குகளுக்கு வழி விட்டுக் கட்டினார்கள். இவற்றில் நான்கு சிறு பாலங்கள். ஐந்து விலங்குகளுக்கென்றே அமைந்த கீழ்வழிகள். மிகச் சிறியதன் அகலம் 50 மீட்டர். மிகப் பெரியவை இரண்டு. ஒவ்வொன்றும் 750 மீட்டர்!

கட்டியதோடு விடாமல், டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் அவற்றின் அடியில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தினார்கள். இந்தக் கேமரா எப்படி வேலை செய்கிறது என்பது உங்கள் பாடத்தோடு தொடர்புடையது. வெப்பமுள்ள எந்தப் பொருளும் கதிர்வீசுகிறது. உடல் வெப்பநிலையில் உள்ள ஒரு விலங்கு மிக அதிகமாக வீசுவது 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களை. ஆனால் தரையும் மரமும்கூட ஏறக்குறைய அதே கதிர்களையே வீசுகின்றன. பின் எப்படி வேறுபடுத்துவது? உணர்கருவியில் இரண்டு பகுதிகள் அருகருகே இருக்கும். இரண்டிலும் ஒரே அளவு கதிர் விழுந்தால் கருவி வாளாவிருக்கும். விலங்கு நடந்து செல்லும்போது முதலில் ஒன்றிலும் பிறகு மற்றொன்றிலும் கதிர் மாறுபடுகிறது; அந்த மாற்றமே கேமராவை இயக்குகிறது. இதிலிருந்து ஒரு குறைபாட்டை நீங்களே ஊகிக்கலாம். கோடை நண்பகலில் தரையின் வெப்பம் விலங்கின் மேனி வெப்பத்துக்குச் சமமாகிவிட்டால் வேறுபாடு குறைந்து, கருவி சில விலங்குகளைத் தவறவிடக் கூடும்.

2019 மார்ச்சு முதல் டிசம்பர் வரை நடந்த கண்காணிப்பில் 18 வகைக் காட்டு விலங்குகள் 5,450 படங்களில் பதிவாயின. புள்ளிமானும் காட்டுப்பன்றியும் தாராளமாகப் பயன்படுத்தின. காட்டு முயல், காட்டுப்பூனை, செந்நாய் ஆகியனவும் வந்தன. எல்லாரும் எதிர்பார்த்த புலி? 89 முறை. புலியின் உடற்கோடுகள் நம் கைரேகையைப் போல ஒன்றுக்கொன்று வேறானவை. இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும்கூட ஒன்றாய் இரா. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்ததில் 89 முறையும் வந்தவை மொத்தம் 11 புலிகள் என்று தெரிந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். 5,450 படங்கள் என்றால் 5,450 விலங்குகள் என்று பொருளன்று. செய்தித்தாள்கள் இதில் அடிக்கடி தடுமாறுகின்றன.

அகலமும் இருட்டும்

கீழ்வழியின் திறப்புத்தன்மையை அளக்க ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். திறப்பின் அகலத்தை உயரத்தால் பெருக்கி, விலங்கு உள்ளே நடக்க வேண்டிய நீளத்தால் வகுக்க வேண்டும். 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், 30 மீட்டர் நீளம் என்றால் 0.3. அகலம் 50 மீட்டராகவும் உயரம் 5 மீட்டராகவும் இருந்தால் 8.3. எண் சிறிதாயின் அது இருட்டுக் குகை. பெரிதாயின் மறுபுறத்துக் காடு கண்ணுக்குத் தெரியும். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு குறை உண்டு: இந்த எண்ணுக்கு நீளத்தின் அலகு இருக்கிறது. மீட்டரில் போட்டால் ஒரு விடை, அடியில் போட்டால் இன்னொரு விடை. ஆகவே அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்பவரை நம்பாதீர்கள். இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் இந்த ஒப்பீட்டை நீண்ட காலம் செய்திருக்கிறார்கள். அங்கே நெடுஞ்சாலையின் இருபுறமும் உயர்ந்த வேலி போட்டு, 6 மேல்வழிகளும் 38 கீழ்வழிகளும் கட்டினார்கள். மேல்வழி என்பது சாலைக்கு மேலே மண்ணும் மரமும் நிறைந்த பாலம். பெரிய விலங்குகள் வண்டிகளில் அடிபடுவது 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அங்கே கண்ட உண்மை சுவையானது: மானும் ஓநாயும் பெரிய பழுப்புக் கரடியும் அகன்று உயர்ந்த வழிகளையே நாடின, கருங்கரடியும் பூமா என்னும் பெரும்பூனையும் குறுகி இருண்ட வழிகளை விரும்பின. ஆக, 'விலங்குகளுக்கு ஏற்ற அளவு' என்று ஒன்று இல்லை. எந்த விலங்குக்கு என்று முதலில் கேட்க வேண்டும். மற்றொன்றும் தெரியவந்தது. பழுப்புக் கரடிகள் புதிய வழிக்குப் பழகச் சில ஆண்டுகள் பிடித்தன. முதல் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்துப் 'பணம் வீண்' என்று தீர்ப்பளித்திருந்தால் பெருந்தவறாகியிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு சாலையில் அடிபட்ட விலங்குகளே இல்லை என்று கேட்டால் மகிழ்ந்துவிடலாமா? வேகமும் இரைச்சலும் மிகுந்த சாலையை விலங்குகள் நெருங்கவே அஞ்சினால் அங்கும் பிணங்கள் இரா. மரணம் குறைவு, ஆனால் காடு இரண்டாகப் பிளந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள கிண்டி தேசியப் பூங்கா வெறும் 2.7 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் சாலைகளும் சுவர்களும் கட்டடங்களும். அங்குள்ள மான்கள் எந்த அயற்காட்டுக்கும் போக முடியாது. அங்கிருந்து எவையும் வர முடியாது. சாலை கொல்லாமலேயும் கேடு செய்யும்.

தரையில் நடக்காத விலங்குகளும் உண்டு. வால்பாறையில் புதுத்தோட்டம் என்ற இடத்தில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. இயல்பாக மரத்துக்கு மரம் தாவும் அவை, சாலைக்கு மேல் கிளைகள் கோத்திருந்த இடங்கள் வெட்டப்பட்டதால் தரையிறங்கிக் கடந்து அடிபட்டன. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்களும் வனத்துறையினரும் சாலைக்கு மேலே மரங்களுக்கிடையே தொங்கு பாலங்களைக் கட்டினார்கள். 750 மீட்டர்ப் பாலத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகச் சொற்பம். குரங்குகள் அவற்றின் மேல் குட்டிகளோடு நடக்கின்றன.

கோவை அருகே மதுக்கரையில் பிரச்சினை சாலையன்று, ரயில். இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் உராய்வு மிகக் குறைவு. நம் கரும்பலகைக் கணக்கில் 0.7 என்ற எண்ணுக்குப் பதில் 0.1 என்று போட்டுப் பாருங்கள். ஓடும் ரயிலை யானைக்காக நிறுத்தப் பல நூறு மீட்டர் வேண்டும். ஆகவே அங்கே யானைகளுக்குக் கீழ்வழி அமைத்ததோடு, 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்களையும் பொருத்தி, கணினி நுண்ணறிவால் யானையை அடையாளம் கண்டு ரயில் ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாட்டைத் தமிழக வனத்துறை தொடங்கியது. ஒன்றரை வினாடிக்குப் பதில் சில நிமிடங்களை ஓட்டுநருக்குத் தருவதே இதன் சாரம்.

மதகுக்குள் ஒரு தடம்

சென்ற தை மாதம் மீண்டும் வேடந்தாங்கல் சென்றோம். அதே வேன், அதே ஓட்டுநர். திரும்பும்போது பகல் வெளிச்சம் இருக்கும்படி கிளம்பினோம். செங்கற்பட்டுக்கு முன்னால் அவரே வண்டியை ஓரங்கட்டி, "அந்த இடம் சார்" என்றார். சாலையிலிருந்து விலகிக் கீழே இறங்கினோம். நரி அடிபட்ட இடத்துக்கு நூறு அடி தள்ளி, மழைநீர் செல்வதற்கான ஒரு சதுர மதகு சாலைக்கு அடியில் சென்றது. மாணவர்கள் நாடாவால் அளந்தார்கள். அகலம் 1.5 மீட்டர், உயரம் 1.2 மீட்டர், நீளம் 30 மீட்டர். திறப்புத்தன்மை 0.06. பாதிக்குத் தேங்கிய நீர். வாயில் தெர்மகோல் தட்டுகளும் பிளாஸ்டிக் பைகளும் அடைத்திருந்தன. நரி ஏன் மேலே ஏறியது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அரை மணி நேரத்தில் குப்பையை வாரிச் சாக்கில் கட்டினோம். வாயருகே சலித்த மணலை ஒரு அங்குல உயரத்துக்குப் பரப்பிவிட்டு வந்தோம்.

பறவைகள் வரும் பருவத்தில் அந்த ஓட்டுநர் வாரம் இருமுறை அவ்வழியே போவார். மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "சார், தண்ணி வத்திடுச்சு. மணல்ல கால்தடம் இருக்கு. நாய் மாதிரி தெரியுது" என்றார். பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுத்து அனுப்புமாறு சொன்னேன். நான்கு படங்கள் அனுப்பினார். நாய்க்கும் நரிக்கும் தடத்தில் ஒரு வேறுபாடு உண்டு: நாயின் நடுவிரல்கள் இரண்டும் தனித்தனியே பதியும், நரியின் நடுவிரல் மெத்தைகள் இரண்டும் அடியில் ஒட்டிப் பதியும். முதல் இரண்டு படங்கள் நாய். நான்காவது கீரிப்பிள்ளை. மூன்றாவது படத்தை வகுப்பறையில் பெரிதாக்கிக் காட்டியபோது, முன்பு கேள்வி கேட்ட அந்த மாணவி எழுந்து வந்து திரையில் விரல் வைத்தாள். நடுவிரல்கள் இரண்டும் ஒட்டியிருந்தன.